அந்தப் பக்கத்துக்காரி

என் நாத்தனாரை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய புருஷன்கூட உயிரோடு இருந்தவரை அப்படித்தான் கூப்பிட்டார் என்று கேள்வி. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். அவர் எடுத்த வரலாற்றில் ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் உண்டுதான். ஆனால் எதைத் தொட்டாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யோக்கியமில்லாதவர்கள்.

எங்கள் நாட்டுக்கும் அவர்கள் நாட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஆறு ஒன்றும் பெரிய ஆறு இல்லை. கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். இரண்டு பக்கமும் நிறம் ஒன்று, முகவெட்டு ஒன்று, பேச்சும் பாதிக்கு மேல் ஒன்று. அவர்கள் பேசுவது எங்கள் மொழிதான், வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்று நாங்கள் சொல்வோம். நாங்கள் பேசுவது அவர்கள் மொழிதான், சளி பிடித்த மூக்கோடு பேசுகிறோம் என்று அவர்கள் சொல்வார்களாம். இவ்வளவு ஒட்டிக்கொண்டு இருப்பவர்களை வெறுக்க நிறைய உழைப்பு வேண்டும். டீச்சர் உழைத்தார்.

நானும் என் கணவரும் பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்து, ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு பிடித்து, கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்த சமயத்தில் டீச்சர் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். பென்ஷனுக்கு முன்பே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், புருஷனும் இல்லை, தம்பியை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று காரணம். என் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். நாள் முழுக்க வண்டியில் ஊரையே மிரட்டுகிற மாதிரி ஹாரன் அடிப்பார். அக்காவைக் கண்டால் வால் மட்டும்தான் இல்லை, அவ்வளவு குழைவு.

வந்த முதல் வாரமே கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் வாஷிங் மெஷின் அறைக்கு டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருந்த பேச்சு காதில் விழுந்ததும் அவருடைய கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"இங்கேயுமா?" என்றார்.

"ஆமாக்கா. தரைத்தளத்துல இருக்காங்க. நல்ல மாதிரிதான்."

"நல்ல மாதிரி! உனக்கு என்ன தெரியும்? அவங்க துணி சுத்தின மெஷின்ல என் துணியைப் போடறதா?"

அன்றிலிருந்து குளியலறையில் கையால் துவைத்துக்கொண்டார். வீடு முழுக்கக் கயிறு. சோறு சாப்பிடும்போது தலையில் சொட்டும். என் கணவர் தலையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா சொல்றதும் சரிதானே" என்பார்.

பள்ளிக்கூட வேலை கிடைக்கும் என்று டீச்சர் நம்பி வந்திருந்தார். இந்த ஊர் அலுவலகத்தில் அவருடைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த பெண், இந்த ஊர் மொழியில் மறுபடியும் எல்லாப் பரீட்சையும் எழுதினால் யோசிக்கலாம் என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த ஊர் மொழியில் டீச்சருக்குக் காலை வணக்கமும் நன்றியும் தெரியும். அதில் நன்றியை அவர் அதிகம் பயன்படுத்துவதில்லை. கடைசியில் நான் வேலை பார்த்த சலவை ஆலையிலேயே சொல்லிச் சேர்த்துவிட்டேன். தரைத்தளத்துக் குடும்பத்தின் துணி சுற்றிய மெஷினைத் தொடாதவர், பேர் தெரியாத நோயாளிகள் படுத்துப் புரண்ட விரிப்புகளைத் துவைக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முன்னால் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆலை ஆஸ்பத்திரிகளுக்கானது. ஒரு பக்கம் அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். மறுபக்கம் மடித்த விரிப்புகளும் துண்டுகளும் டிராலியில் ஏறிப் போகும். நடுவில் ஒரு பெரிய உருளை மெஷின். ஒரு லாரி நீளம் இருக்கும், பக்கத்தில் போனாலே முகம் வெந்துவிடும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் இல்லாமல் விரித்து, ஒரே சமயத்தில் உள்ளே விட வேண்டும். சுடும் உருளைகளுக்குள் போய் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். ஒருத்தி கொஞ்சம் அதிகமாக இழுத்தால் போதும், கோணலாகப் போய்க் கசங்கி வரும். மறுபடியும் தண்ணீரில் போட வேண்டும். நான் உலர்த்துகிற மெஷின்களைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பேன். அதனால் நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

சூபர்வைசர் இந்த ஊர்க்காரன். சோம்பேறி. கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருப்பதற்கும் சுறுசுறுப்பு வேண்டுமே. டீச்சரை அழைத்துக்கொண்டு போய் உருளை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அங்கே இன்னொரு முனையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நல்ல உயரம், தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், வில்லாக வளைத்த புருவம், வேர்வையிலும் கலையாத உதட்டுச் சாயம். ஊரில் அழகு நிலையம் வைத்திருந்தவள். அதனால் ஆலையில் அவளுக்குப் பார்லர்காரி என்று பேர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி.

"ரெண்டு பேரும் ஒரே இடம்தானே, பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்று சூபர்வைசர் இந்த ஊர் மொழியில் சொன்னான். உபகாரம் செய்கிற பாவனை வேறு.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நாங்க வேற, அவங்க வேறன்னு சொல்லு அவன்கிட்ட!"

சொன்னேன். அவன் இவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சரி சரி" என்று தலையை ஆட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான்.

அடுத்த நாளும் டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய் அதையே சொல்ல வைத்தார். அதற்கடுத்த நாளும். வேறு ஆளோடு நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்காது என்று அவருக்கே தெரியும். இரண்டு பேரும் ஒன்றில்லை என்பது அவன் மண்டையில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பார்லர்காரி சும்மா இருப்பாளா? அவளுக்கு இந்த ஊர் மொழி கொஞ்சம் வரும். அவளும் தன் பங்குக்குப் போய், "எனக்கும் அந்தம்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள். சூபர்வைசர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, யார் எதுவென்று கடைசிவரை புரியாமலே தலையாட்டினான்.

முதலில் இரண்டு பேரும் பேசவில்லை. விரிப்புதான் பேசியது. இவர் வெடுக்கென்று இழுப்பார், அவள் வெடுக்கென்று இழுப்பாள், விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்க் குப்பையாக வெளியே வரும். மடிக்கிற பெண்கள் அங்கிருந்து கத்துவார்கள். பிறகு ஒருநாள் பார்லர்காரிக்குப் பொறுக்கவில்லை.

"கையில பலம் இருக்குன்னு காட்டறியா? நேரா பிடி. உங்க ஊர்ல நேரா பிடிக்கக் கத்துத் தரலையா?"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ஊர்ல கத்துத் தந்தது நான்தான்."

"அதான் இப்படி இருக்கீங்க எல்லாரும்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து டீச்சர் வாய் திறந்து முழுசாக ஒரு சண்டை போட்டதில்லை. கடையில், பஸ்ஸில், அலுவலகத்தில் எல்லாம் சிரித்துச் சிரித்துத் தலையாட்டி வாய் கட்டிப் போயிருந்தது. தம்பியோடு சண்டை போட முடியாது, அவர் எதிர்த்தே பேச மாட்டார். என்னோடு போட்டால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். இங்கே பாருங்கள், அதட்டினால் பதிலுக்கு அதட்டுகிற, குத்தலைப் புரிந்துகொள்கிற, ஏச்சுக்கு ஏச்சு திருப்பித் தருகிற ஒருத்தி! சில வசவுகள் இரண்டு மொழியிலும் ஒரே வசவு. அது யார் மொழியிலிருந்து யார் திருடியது என்பதற்கே ஒரு வாரம் சண்டை நடந்தது.

ஆற்றுப் பாலத்தில் எப்போதோ இரண்டு நாட்டுக்கும் ஒரு போர் நடந்தது, சண்டையில் அதுவும் வந்தது.

"உங்க தளபதி பொம்பளை வேஷம் போட்டுக்கிட்டு ஓடினான். நான் வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்" என்றார் டீச்சர்.

பார்லர்காரி விரிப்பை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஓடினது உங்க ஆளு! பொம்பளை வேஷத்துல ஓடினது உங்க ஆளு! எங்க பள்ளிக்கூடத்துல அதை நாடகமாவே போட்டோம். நான்தான் உங்க தளபதி. பாவாடை கட்டிக்கிட்டு மேடைல ஓடினேன். அப்படிக் கைதட்டினாங்க!"

"புத்தகத்துல தப்பா எழுதியிருக்காங்க" என்றார் டீச்சர்.

"எந்தப் புத்தகத்துல?"

டீச்சர் அடுத்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்தார். விரிப்பு மட்டும் அன்றைக்கு நேராகப் போனது. சண்டையில் கவனம் போனதால் இழுக்க மறந்துவிட்டார்கள். நாளாக ஆக, கை ஒரு பக்கம் தன்பாட்டுக்கு வேலை செய்யும், வாய் ஒரு பக்கம் தன்பாட்டுக்குச் சண்டை போடும். அந்த மெஷினில் அவ்வளவு சுத்தமாக விரிப்பு விட்டவர்கள் அதற்கு முன்னால் இல்லை என்று மடிக்கிற பெண்களே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் டீச்சர் பல் துலக்கும்போதுகூட அடுத்த நாள் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். "அவ முடி கலர் துருப்பிடிச்ச கேட்டு மாதிரி இருக்குன்னு சொன்னா எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்பார். இதற்கு என் அபிப்பிராயம் வேறு வேண்டுமாம். பரவாயில்லை என்றேன்.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் டீச்சர் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருக்கிறார். குடித்திருந்த ஒருவன் பக்கத்தில் வந்து, உங்கள் நாட்டுக்கே ஓடிப் போங்கள் என்று கத்தியிருக்கிறான். கூடவே பார்லர்காரியின் நாட்டுப் பேரைச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கெட்ட வார்த்தைகளைச் சேர்த்துத் துப்பியிருக்கிறான். அவ்வளவு புரிகிற அளவுக்கு இந்த ஊர் மொழி அதற்குள் டீச்சர் காதில் ஏறியிருந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"என்னைப் பார்த்து... அவங்க பேரைச் சொல்லித் திட்டறான்" என்றார். "திட்டறதுன்னா ஆளைப் பார்த்துத் திட்ட வேண்டாமா? எங்க பேர் தெரியாதா அவனுக்கு?"

"அக்கா, அவன் திட்டினதே தப்புதானே?"

"அது வேற. அந்தப் பேரையா சொல்லுவான்?"

இதை என்னவென்று சொல்வது! ஒருத்தன் முகத்தில் துப்பியிருக்கிறான். இந்த அம்மாவுக்கு எச்சில் விலாசம் மாறி வந்துவிட்டது என்று குறை.

அடுத்த நாள் காலை மெஷின் சூடாவதற்கு முன்பே டீச்சர் பார்லர்காரி மேல் பாய்ந்தார். "உன்னால எனக்கு நடுரோட்டுல அவமானம்!"

முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பார்லர்காரி ஒரு வளைந்த புருவத்தை மட்டும் தூக்கினாள். "நீ என்ன அழற? எனக்குப் போன மாசம் கடையில நடந்துச்சு. கல்லாவுல இருந்த பொண்ணு என்னைப் பார்த்துட்டுப் பக்கத்துல இருக்கறவகிட்ட, பையைப் பார்த்துக்கோ, இவங்க திருடுவாங்கன்னு சொன்னா. யார் பேரைச் சொன்னா தெரியுமா? உங்க பேரை! வீட்டுக்குப் போய் ஓன்னு அழுதேன். திருடின்னு சொன்னதுக்கு இல்லை. என்னைப் போய் உங்க ஆளுன்னு நினைச்சாளேன்னு."

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூக்கிலிருந்துதான் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து டீச்சர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பார்லர்காரி முதலில் முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஈர விரிப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சூபர்வைசர் எட்டிப் பார்த்து, "சொன்னேனே, ஒரே இடம்தானே" என்றான். இரண்டு பேரும் ஒரே குரலில் "இல்லை!" என்று கத்தினார்கள்.

இதோடு நட்பாகி எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் டீச்சர் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார்.

ஆலையில் துண்டுகள் குறைகின்றன என்று பேச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்கான நீலக்கரை போட்ட கைத்துண்டுகள், புதுசு. கேட் காவலாளி, உருளை மெஷினில் நிற்கிற ஒருத்தி பைக்குள் திணித்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னான். முகம் தெரியவில்லையாம். "அந்த நாட்டுக்காரி" என்று அடையாளம் சொல்லியிருக்கிறான். அந்த நாடு என்று அவன் சொன்னது பார்லர்காரியின் நாட்டுப் பேரை. அந்த ஆலையில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்திருக்கிற பேர் அதுதானே.

வேறு சமயமாக இருந்தால் சூபர்வைசர் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பொதுவாக முறைத்துவிட்டு விட்டிருப்பான். ஆனால் மாதக்கணக்காக டீச்சர் அவன் காதில் ஓதியது இப்போதுதான் பலித்தது. அவங்க வேற, நாங்க வேற! யோசித்து யோசித்து, யார் அந்த நாட்டுக்காரி என்று அவனுக்குக் கடைசியில் பிடிபட்டுவிட்டது. பார்லர்காரியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டான். அவள் கத்தினாள், பையைக் கொட்டிக் காட்டினாள். சீப்பும் உதட்டுச் சாயமும்தான் விழுந்தன. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். அவள் வெளியே போகும்போது உருளை மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுமுனைக்கு இந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சூயிங்கம் மென்றுகொண்டு விரிப்பை விட்டாள். டீச்சர் ஒருமுறை, "நேரா பிடி" என்று எங்கள் மொழியில் அதட்டிப் பார்த்தார். அந்தப் பெண் நன்றி என்று சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் என் கணவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியாக்கா, நீ சொன்ன மாதிரியே ஆச்சு. அவங்க புத்தி எங்க போகும்?" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுடா" என்றார் டீச்சர்.

என் கணவர் அப்படியே விழித்தார். அக்காவுக்குப் பிடித்ததைச் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம்.

மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் போன பிறகு டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். அடியில் நீலக்கரைத் துண்டுகள், அழகாக மடித்து, அடுக்கி. எனக்குத் தலை சுற்றியது.

"நீங்களாக்கா?"

"கிழிஞ்சதுன்னு ஒதுக்கி வைச்சதை முதல்ல எடுத்தேன். அப்புறம்... அப்புறம் கிழியாததையும் எடுத்தேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுக்குன்னு கேக்காதே. நமக்குத் துண்டுக்கா பஞ்சம்? என் படிப்பு, என் வேலை, நான் நின்னு பேசின வகுப்பு எல்லாத்தையும் இந்த ஊர்ல ஒருத்தி சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொடுத்தா. இவங்ககிட்டேருந்து நானும் எதையாவது எடுக்கணும்னு தோணிச்சு. எடுத்தேன்."

"இப்ப என்ன பண்றது?"

"அவ திருடி இல்லைன்னு இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் உறுதியாத் தெரியும்" என்றார் டீச்சர். "என்ன ஒரு கேவலம் பார்த்தியா!"

எது கேவலம் என்று நான் கேட்கவில்லை. திருடியதா, அவளைப் பழியில் விட்டதா, அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி யோக்கியமானவள் என்று சொல்ல வேண்டி வந்ததா? அதற்குள் டீச்சர் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, நீதான் மொழிபெயர்க்கணும்" என்றார்.

சூபர்வைசர் மேசையில் பையைக் கவிழ்த்தார். "நான் எடுத்தேன். அவ எடுக்கலை. சொல்லு."

சொன்னேன். அவன் துண்டுகளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். "ஆனா காவலாளி அந்த நாட்டுக்காரின்னு சொன்னானே?"

"உன் காவலாளிக்குக் கண் தெரியாது, உனக்கு மூளை கிடையாதுன்னு சொல்லு."

"தவறு நடந்துவிட்டது என்கிறார்" என்று நான் மொழிபெயர்த்தேன். எனக்கும் வேலை வேண்டுமே.

டீச்சருடைய வேலை அந்த இடத்திலேயே போயிற்று. போலீஸ் வரை போகாததற்குக் காரணம் கருணை இல்லை, சூபர்வைசருக்கு எழுதுகிற வேலை பிடிக்காது. பார்லர்காரிக்கு, நாளையிலிருந்து வரலாம் என்று ஒரு வரியில் செய்தி போனது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எடுத்தது யார் என்பதை மடிக்கிற பெண்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் ஆலைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டிய தட்டிலேயே யார் என்று தெரிந்துவிட்டது. டீச்சர் கதவைத் திறந்தார்.

"நான் வெளிய போறப்போ செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னியே, அப்பவே தெரியும்!" என்று ஆரம்பித்தாள் பார்லர்காரி. "என் பையன் முன்னாடி நான் திருடி! என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேக்கலை, ஆனா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். அது எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு? வரலாறு சொல்லிக் குடுத்தியாம் வரலாறு! தூ!"

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. தரைத்தளத்துக் குடும்பம் படிக்கட்டில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. அவர்கள் மொழியில் நடக்கிற சண்டை, ஒரு வார்த்தை விடாமல் புரியும். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். அவள் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, "தப்புதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

பார்லர்காரி அழுதுவிட்டாள். கோபத்தில் அழுகிற அழுகை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்விட்டாள். நெடுநாள் வரவில்லை. ஆலையில் என்னிடம்கூடப் பேசவில்லை. சூயிங்கம் பெண்ணோடு விரிப்பு விட்டுக்கொண்டு, நாளுக்கு நாள் முகம் தொங்கிப் போனாள். இங்கே டீச்சருக்கு ஒரு பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை. வரலாற்று வகுப்பை மட்டும் கரும்பலகைவரை பளபளவென்று துடைப்பாராம். ஆனால் வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை.

கடைசியில் ஒருநாள் பார்லர்காரி உலர்த்துகிற மெஷின் பக்கம் வந்து, "உன் நாத்தனார் தலை இன்னும் அந்தக் கண்றாவி நரையோடதான் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லு. அவமேல பாசத்துல இல்லை. அந்தத் தலையை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை."

வந்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அதற்காக டீச்சர் திருந்திப் புனிதவதி ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வாய் நீளம், நன்றி கிடையாது, சாயத்தை அப்பிக் காசைக் கரியாக்குகிறவர்கள் என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்வார். அவள் திருப்பிச் சொல்வாள். ஆனால் என் கணவர் பழைய ஞாபகத்தில் நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். துணி துவைக்கக் கீழே போகவும் டீச்சர் பழகிக்கொண்டார். தரைத்தளத்து அம்மாள் மெஷினைக் காலி செய்யத் தாமதித்தால் சண்டை போடுவதற்கு அது வசதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் ஆற்றங்கரையில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தது. இங்கே எங்கள் நாட்டவர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் வீட்டுத் தரகர். சட்டைப்பையில் எப்போதும் தங்கப்பேனா. ஊரை விட்டு வந்து பாதி ஆயுள் ஆயிற்று, ஆற்றை அவர் பார்த்தது போட்டோவில்தான். நாட்டுப்பற்று மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார்.

டீச்சர் கூடத்தில் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்கச் சாயம். பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு பார்லர்காரி. சாயம் ஊறிக் கழுவுகிறவரை டீச்சரால் எழுந்திருக்க முடியாது. செயலாளர் கொஞ்சம் நெளிந்தாலும் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், கண்டனக் கூட்டம் வைச்சிருக்கோம். நீங்கதான் பேசணும். அவனுங்க யோக்கியதையை வரலாற்று ரீதியா தோலுரிச்சுக் காட்டணும்."

ஒரு காலத்தில் இப்படி ஓர் அழைப்புக்கு டீச்சர் ஆற்றையே நீந்தி வந்திருப்பார். இப்போது தலையை அசைக்காமல் கேட்டார். "அவங்களோட உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"சே சே! கிட்டவே சேர்க்கறதில்லை. அவனுங்களை நான் ஒரு மைல் தூரத்துலயே கண்டுபிடிச்சிடுவேன். அந்த முழியே காட்டிக் கொடுத்துடும். கிட்ட வந்தா ஒரு வாடை." பார்லர்காரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "என்னம்மா, நான் சொல்றது சரிதானே? நம்ம பொண்ணுங்க முகத்துல இருக்கிற லட்சணம் அவங்க பொண்ணுங்ககிட்ட வருமா?"

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். பார்லர்காரி வாயைத் திறந்தால் கூழாங்கல் தெரிந்துவிடும். டீச்சரின் தோளைக் கையுறையோடு ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான்.

"எவ்வளவு தூரத்துலன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரு மைல்!"

"இவ உங்ககிட்டேருந்து நாலடி தூரத்துல நிக்கறா."

செயலாளருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பார்லர்காரி அப்போதுதான் வாயைத் திறந்து, தன் மொழியில், மிக மரியாதையாக, "வாடை ரொம்ப அடிக்குதுங்களா? சாயம்தான் அது" என்றாள்.

"இந்தம்மா... உங்க வீட்ல... டீச்சர், நீங்க போய்..."

"இத பாருங்க" என்றார் டீச்சர். சாயம் ஒரு கோடாக நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது. "இவங்களைப் பத்தி என்கிட்ட நூறு குறை இருக்கு. எல்லாத்தையும் இவ முகத்துக்கு நேரா சொல்லியிருக்கேன், வாங்கியும் கட்டிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு இவங்க முகமே தெரியலை. முகம் தெரியாதவரு மைக்கைப் பிடிச்சு என்ன பேசப் போறீங்க? எழுந்து போங்க."

அவர் போனார். போகிற வழியிலேயே டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான்கு வீட்டில் சொல்லிவிட்டார். சங்கத்துக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்கு அதில் வருத்தம், வருஷக் கூட்டத்தில் இலவசச் சாப்பாடு போடுவார்கள். கண்டனக் கூட்டத்தில் செயலாளரே பேசினாராம். பாலத்துப் போரைப் பற்றிப் பேசும்போது ஆற்றின் பேரையே தப்பாகச் சொன்னாராம்.

அன்று அவர் கதவைத் தாண்டியதும் பார்லர்காரி டீச்சர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயையோ!" என்றாள். பேச்சு மும்முரத்தில் சாயம் ஊற வேண்டிய நேரத்துக்கு மேல் ஊறிவிட்டது. கழுவிப் பார்த்தால் டீச்சரின் தலை பழுத்த மிளகாய் நிறம்.

"என்னடி பண்ணி வைச்சிருக்க!"

"நான் என்ன பண்ணினேன்? பேச்சை வளர்த்தது யாரு? நிறுத்திட்டுத் தலையைக் குடுத்திருந்தா..."

"உன்னை வாடைன்னு சொன்னான், நான் பேசாம இருக்கணுமா?"

"உன்னை யாரு பேசச் சொன்னா? நான் பேச மாட்டேனா?"

திங்கள்கிழமை டீச்சர் அந்தத் தலையோடுதான் வேலைக்குப் போனார்.